இருபதாம் தேதி வருகிற தம்பி

கதவைப் பூட்டிப் படியிறங்கி, மூன்றாவது படியில் நின்று, திரும்ப ஏறி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வேலைக்குப் போகக் கால் வரும். அதனாலேயே மனைவி அவனுக்கு 'மறுஎண்ணிக்கை' என்று பெயர் வைத்திருந்தாள். தேர்தல் சமயத்தில் வைத்த பெயர். தேர்தல் முடிந்து ஆட்சி மாறியும் அந்தப் பெயர் மாறவில்லை.

பார்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறையில், ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பும் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, நீலத் துணியில் பொட்டலம் கட்டி, நீராவி மெஷினுக்குள் தள்ளுகிற வேலை. ஒவ்வொரு தட்டையும் இரண்டு பேர் எண்ண வேண்டும். முதல் ஆள் எண்ணி அடுக்குவார். இரண்டாவது ஆள் வாய்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பொட்டலம் மேலே போகும். ஒன்பது வருஷத்தில் ஏழு வருஷம் அவன் இரண்டாவது ஆள். முதல் ஆள் தப்புப் பண்ணினால் பிடிக்க ஒருவன் இருக்கிறான். இரண்டாவது ஆள் தப்புப் பண்ணினால் நோயாளியின் வயிற்றுக்குள்தான் தேட வேண்டும். பயந்த சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி உலகத்தில் இல்லை என்று அவனே நினைத்துக்கொள்வான்.

புது அரசாங்கம் வந்த மூன்றாம் மாதம் அந்த அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கான தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்தவர்கள், பதில் வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும். முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிற பதிலுக்கு இப்போது கால வரையறை கிடையாது. அவன் தன் அட்டையைக் கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மனைவியின் அட்டையும் மகளின் அட்டையும் அவன் அட்டையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மனைவி பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் துணிகளைப் பிடித்துத் தைத்து அளவு திருத்துகிறாள். மகள் இரண்டாம் வகுப்பு. தூக்கத்தில் உளறினால்கூட இந்த ஊர் மொழியில்தான் உளறுவாள்.

அறிவிப்பு வந்தபோது அவன் கையில் விமான டிக்கெட் இருந்தது. வருகிற மாதம் இருபதாம் தேதி ஊருக்குப் போவதாக இருந்தான். மூன்று வருஷம் கழித்துப் பதினைந்து நாள் லீவு. டிக்கெட்டைப் படம் எடுத்து, குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டும் இருந்தான். அம்மா அதற்கு இருபத்தேழு கும்பிடு போட்டிருந்தாள்.

டிக்கெட்டை ரத்து பண்ணினான். அந்தப் படத்தை மட்டும் ரத்து பண்ணவில்லை.

"சொல்லிடுங்க. இதுல என்ன இருக்கு? நம்ம தப்பா?" என்றாள் மனைவி.

"அடுத்த வாரம் சொல்றேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

அவனுக்குத் தன் சொந்தக்காரர்களைத் தெரியும். அட்டையில் தாமதம் என்று சொன்னால், அது அக்கா வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் வேலை போய்விட்டதாக ஆகும். தெருமுனையை அடைவதற்குள் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று ஆகும். அதைவிடப் பெரிய விஷயம், அம்மா. தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், இப்போது தினமும் காலையில் காலண்டரில் ஒரு நாளை அடித்துவிட்டுத்தான் காபியே குடிக்கிறாள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்தப் பேனாவை அவன் எப்படிப் பிடுங்குவான்? அதனால் பதில் சீக்கிரம் வந்துவிடும், வேறு டிக்கெட் எடுத்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஊர்க்காரர்கள் இப்படி மறைப்பதில்லை. வந்த புதிதில் அதுதான் அவனை மிரட்டியது. ஒருமுறை மேல்மாடியில் அவன் மொழி பேசுகிற கிழவர் ஒருவர் படுத்திருந்தார். பேசிப் புரியவைக்க ஆளில்லை என்று இவனைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிழவர் முகத்தைப் பார்த்து, நோய் இன்னது, இனி வைத்தியமில்லை, ஏறக்குறைய ஆறு மாதம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு இவனைப் பார்த்தார். இவன், "கொஞ்ச நாள் ஆகுமாம் பெரியவரே, தைரியமா இருக்கச் சொல்றாரு" என்றான்.

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு அவ்ளோ நேரம் பேசினாரு. நீ இவ்வளவுதான் சொல்ற?"

அதற்குப் பிறகு மேலே யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அவனுடைய மேற்பார்வையாளரும் அந்த டாக்டரின் ஜாதிதான். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற இந்த ஊர்ப் பெண்மணி. வீட்டில் பேசும்போது அவன் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். மகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு எழுதிவிடுவாள். தேர்தல் முடிந்த மறுநாள், இடுக்கிகளைத் துடைத்துக்கொண்டே, "நான் ஜெயிச்சவங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். உனக்கு வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உனக்கு எதிரா போடல" என்றாள்.  அவன் பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து மேல்வீட்டுக்காரர் வணக்கம் சொல்கிற சத்தம் குறைந்திருக்கிறதா, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறதா என்று அளந்துகொண்டு திரிந்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவன் மடியில் இருந்ததோ அட்டை கொடுத்ததற்கான ஒரு ரசீது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டபோது, திரை முழுக்க அவள் முகமே இருந்தது. எப்போதும் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துத் தள்ளி உட்கார்ந்து பேசுகிறவள். அன்று போன் அக்கா கையில் இருந்தது, ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, இவ்ளோ கிட்டக்க?"

"உன்னப் பக்கத்துல பாக்கலாம்னுதான்."

பேச்சு நடுவே போன் கொஞ்சம் சரிந்தது. ஒரு நொடிதான். அம்மாவுக்குப் பின்னால் மேலே வளைந்த கொக்கியோடு ஒரு கம்பி தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் கம்பி. ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரிக்குள் கிடந்தவனுக்கு அது எதைத் தொங்கவிடுகிற கம்பி என்று தெரியாதா?

"அம்மா, பின்னாடி அது என்ன?"

"எது? ஓ, அதுவா? துணி காயப்போடற ஸ்டாண்டுடா."

"வீட்டுக்குள்ளயா?"

"வெளிய மழை."

"ஆமாம்டா, கொட்டுது" என்றாள் அக்கா, முகத்தைக் காட்டாமலே.

அம்மாவின் ஒரு பக்கக் கன்னத்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.  பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். பேத்தியின் படங்கள், உனக்கு ஒரு சால்வை, அத்தானுக்கு ஒரு வாட்ச் என்று வரிசையாகச் சொன்னான். அவன் சொன்ன பெட்டி பரண்மேல் காலியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அத்தானுக்குப் போன் போட்டான். அக்கா புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று குடும்பத்தில் அவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

"சொல்லு மாப்ள... பிரேக்கு, பிரேக்கு. மேடம், அது ஆக்ஸிலேட்டர். உன்ன இல்ல மாப்ள, நீ சொல்லு."

"அத்தான், அம்மாவ எந்த ஆஸ்பத்திரில சேத்திருக்கீங்க?"



"யாரு சொன்னா உனக்கு?"

"அக்காதான்" என்றான், கூசாமல்.

"சொல்லிட்டாளா? அப்பாடா. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. உங்கம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு, எனக்கு நெஞ்சுல கல்லு. மேடம், ஓரமா நிறுத்துங்க. ஓரமான்னா ரோட்டோட ஓரம்."

காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அத்தான் எல்லாவற்றையும் கொட்டினார். கல் இருப்பது தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஒரு மாதம் மாத்திரையும் ஊசியும் போட்டுச் சர்க்கரையை இறக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்யலாம், அதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏன்?"

"ஏனா? நீ வர்றதனாலதான். ஒரு மாசம்னா சரியா நீ இருக்கறப்ப அம்மா படுக்கையில இருப்பாங்க. மூணு வருஷம் கழிச்சு வர்றவன், பதினஞ்சு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சுலயா உக்காருவான்னு உங்கக்கா கேட்டா. உங்கம்மா அதுக்கு மேல. 'அவன் எறங்கறப்ப நான் வாசல்ல நிக்கணும்'னு பிடிவாதம். டாக்டர் எவ்ளவோ சொன்னாரு, புண்ணு ஆறாது, சீழ் பிடிக்கும்னு. கடைசில, உங்க இஷ்டம்னு புதன்கிழமைக்கு எழுதிட்டாரு. உள்ள வச்சு அவசரமா சர்க்கரைய எறக்கறாங்க. நீ கவலைப்படாத மாப்ள. இருபதாம் தேதி வந்து பாரு, அம்மா ஓடுவாங்க."

அவன் சரி அத்தான் என்றான். தேள் கொட்டிய திருடன் சத்தம் போட முடியுமா?

அவன் அங்கே இல்லாத ஒரு இருபதாம் தேதிக்காக அம்மாவின் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். கிருமி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்த அளவு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அவன் சம்பளம் வாங்குவதே அதைக் கொல்வதற்குத்தான். முந்நூறு சர்க்கரையில் தையல் போட்ட காயம் எப்படி வாய் பிளக்கும் என்பதை, அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது முறையாகத் தட்டு கட்டி அனுப்பித் தெரிந்துகொண்டவன்.

மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து கேட்டுவிட்டு, "போன எடுங்க. இப்பவே" என்றாள்.

"இப்பச் சொன்னா அம்மாவுக்கு பி.பி. ஏறும். ஆபரேஷன் நேரத்துல..."

"சரி. முடிஞ்சப்புறம் சொல்லுங்க. இருபதாம் தேதி வாசல்ல வந்து நின்னு, ஆட்டோல யாரும் எறங்கலைன்னா அப்ப ஏறாதா பி.பி.?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குச் செவ்வா. நாளான்னைக்குப் புதன். எண்ணறதுதானே உங்க வேலை, எண்ணிப் பாருங்க."

செய்தியாக எழுதிப் பார்த்தான். 'அக்கா, ஒரு விஷயம்' என்று ஆரம்பித்து அழித்தான். 'பயப்பட ஒண்ணுமில்ல' என்று ஆரம்பித்து அதையும் அழித்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிற செய்தியைப் போலப் பயமுறுத்துவது வேறொன்று உண்டா?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் முன்னால் வந்த முதல் தட்டு பித்தப்பைத் தட்டு. முதல் ஆள் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தார். இவன் எண்ணினான், முப்பத்தொன்று. மறுபடி எண்ணினான், முப்பத்துமூன்று. மூன்றாம் முறை எண்ணும்போது ஒரு நீண்ட இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

ஹெட்மாஸ்டர் வந்து அவன் கையிலிருந்து இடுக்கியை வாங்கித் தட்டில் வைத்தாள். அவர்கள் பேசியது இந்த ஊர் மொழியில். நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் கையெழுத்துப் போடலாம். நீ போட மாட்டேங்கற."

சொன்னான். எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னான். அவள் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினாள். "இரு. அந்த ஆபரேஷன் தள்ளிப் போடக்கூடியதா?"

"ஆமா."

"டாக்டர் தள்ளிப் போடத்தான் சொல்றாரா?"

"ஆமா."

"அப்ப இது யாருக்காக நிக்குது?"

 அவள் அட்டை பற்றிய பேச்சுக்கு வரவில்லை; வருவாள் என்று அவன் ஒரு கணம் எதிர்பார்த்தான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் எண்ணிக்கறேன். நீ மேல போய்ப் பேசிட்டு வா." அவன் கதவருகே போகும்போது, திரும்பாமலே, "அந்தச் சட்டம் இப்படி வரும்னு நான் நினைக்கல" என்றாள்.  நினைத்திருக்கலாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. அதற்கு நேரமில்லை.

ஆம்புலன்ஸ்கள் வந்து நிற்கிற கூரைக்குக் கீழே சுவரோரமாக நின்று அக்காவைக் கூப்பிட்டான். அங்கே அப்போது மாலை.

"அக்கா, நான் இருபதாம் தேதி வரல."

"விளையாடாதடா. எனக்கு நேரமில்ல."

"டிக்கெட்ட ரத்து பண்ணி மூணு வாரம் ஆச்சு. கார்டு வரல. அது வராம கிளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க. எப்ப வரும்னு தெரியாது."

மறுபக்கம் தள்ளுவண்டி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"மூணு வாரமா?" என்றாள் அக்கா. "முந்தாநேத்து பெட்டில சால்வை இருக்குன்னியேடா. வாட்ச் இருக்குன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எப்படிடா வந்துது உனக்கு வாய்?"

"உனக்கு எப்படி வந்துது? துணி காயப்போடற ஸ்டாண்டு?"

"நீ அங்க தனியா கிடந்து பயந்து சாகக் கூடாதுன்னு மறைச்சோம்."

"நானும் அதுக்குத்தான் மறைச்சேன்."

"அப்ப நம்ம ரெண்டு பேருமா சேந்து அம்மாவ..." அக்கா முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அக்கா, எனக்காக அவசரம்னா வேண்டாம். டாக்டர் கேட்ட ஒரு மாசத்தக் குடு. இன்னிக்கே போய்ச் சொல்லு. நாளைக்குக் காலைல வேண்டாம்னு சொல்லு."

"நான் எப்படிடா அம்மாகிட்ட..."

அதற்குள் பின்னால் அம்மாவின் குரல். "யாரு, அவனா? குடு இங்க." போன் கைமாறியது. "எத்தனாம் தேதி வர?"

"தெரியலம்மா."

"தேதியே இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. அவன் எண்ணினான். ஆறு. ஏழாவதில் அவள் பேசினாள்.

"வேலை இருக்கா?"

"இருக்கும்மா. கார்டுதான் தாமதம். சத்தியமா வேலை இருக்கு."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். குழந்தைக்குத் தெரியாது."

"அதுகிட்டயாவது சொல்லாம இரு, பாவம்" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் குரல் மாறி, "அப்ப நான் யாருக்குடா இவ்ளோ அவசரமா வயித்தக் குடுத்துட்டுப் படுத்திருக்கேன்?" என்றாள்.

அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஒரு ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றியபடி உள்ளே வந்து நின்றது. அந்தப் பக்கம் அம்மா அழுகிறாளா இருமுகிறாளா என்று தெரியவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்க அவனுக்குத் துணிச்சலும் இல்லை.

"முப்பது வருஷம் தபாலாபீசுல இருந்தேன்" என்றாள் கடைசியில். "தந்தி வந்தா உள்ள என்ன இருந்தாலும் கொண்டுபோய்க் குடுத்துடணும். வச்சுக்கறதுக்கு நமக்கு உரிமை இல்ல. என் வயித்துல பொறந்ததுங்க ரெண்டும் மூணு வாரமா கைலயே வச்சுக்கிட்டு நிக்குது." போனை விலக்கி யாரிடமோ சொல்வது கேட்டது: "நர்ஸம்மா, பெரிய டாக்டர் கிளம்பிட்டாரா? கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க."

வியாழக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஊசியும் உணவுப் பட்டியலும் கொடுத்து. டாக்டருக்குக் கோபமெல்லாம் இல்லை. நிம்மதிதான் என்று அத்தான் சொன்னார். ஆனால் கல் நடுவில் எங்காவது போய் அடைத்துக்கொண்டால் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அவன் நிம்மதி அரை நாள்தான் இருந்தது. தள்ளிப் போடச் சொன்னது சரியா, புதன்கிழமையே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று புது மறுஎண்ணிக்கை ஆரம்பித்தது. போன் வந்தால் முதல் அடியிலேயே எடுத்தான். சனிக்கிழமை எடுத்தபோது தூரத்துச் சித்தப்பா ஒருவர், "உன்னப் புடிச்சு அனுப்பிட்டாங்களாமே, எந்த ஏர்போர்ட்டுல இருக்க?" என்று ஆதரவாகக் கேட்டார். அக்கா நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், மறைக்கறதுல நீயும் நானும் ஒண்ணுதான், ஆனா நீ கொஞ்சம் அதிகம் என்று எழுதினாள்.

இப்போது தினமும் காலையில் அவன் வேலைக்கு உடை மாற்றுகிற நேரத்தில் அம்மாவே போன் செய்கிறாள். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அப்புறம்தான். முதலில் அன்றைய சர்க்கரை. அதற்குப் பதிலாக அவன் தன் விண்ணப்ப எண்ணைப் போட்டு, குடியேற்ற அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் என்ன வந்திருக்கிறது என்று உள்ளது உள்ளபடி படித்துக் காட்ட வேண்டும். அவள் போட்ட விதி அது. இரண்டு பக்கமும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"இருநூத்தி இருபத்தாறு" என்றாள் இன்று. "நேத்தவிடப் பதினாலு கம்மி. உனக்கு?"

அவன் திரையைப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான்.

"பரிசீலனையில்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"சரி, வேலைக்குப் போ. நாளைக்குப் பாப்போம்" என்று அம்மா போனை வைத்தாள்.